பொருளின் பிறப்பிடமும் அதற்குரிய சான்றும்: ஈழத்துக் கறுவா, தேயிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறவந்த பட்டினப்பாலை, அத்துறைமுகத்தில் குவிந்து கிடந்த பண்டங்களை அவை வந்த இடங்களோடு சேர்த்தே எண்ணிக் காட்டுகின்றது. மலைபடு பொருள்களும் கடல்படு பொருள்களும், கங்கைப் பகுதியிலிருந்து வந்தனவும், ஈழத்திலிருந்து வந்த உணவும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. சுங்கம் கொள்வோர் பொதிகளை அளந்து சோழரது புலி இலச்சினையைப் பொறித்த செய்தியையும் அதே நூல் தருகின்றது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பண்டம் எங்கே விளைந்தது என்பதற்குப் புலி இலச்சினை சான்றன்று; அரசனது சுங்கத்துக்கு அது உட்பட்டது என்பதற்கே சான்று. விளைந்த இடத்தின் பெயர் வணிகரின் சொல்லாலும் வாங்குவோரின் நம்பிக்கையாலுமே நிலைபெற்றது.

உணவுப்பொருள் ஒன்றின் பிறப்பிடத்தை எவ்வாறு நிறுவுவது என்ற வினா, ஆய்வுகூடங்கள் தோன்றிய பின்னர் எழுந்த வினாவன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் சிலவற்றை ஈழத்தின் இரு விளைபொருள்களான கறுவாவையும் தேயிலையையும் கொண்டே அறிந்துகொள்ளலாம். கதை, நாக்கு, முத்திரை, அணு என நான்கு வகைச் சான்றுகள் காலந்தோறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளப்பட்டுள்ளன. இவற்றை யார் யாருடைய நலன் கருதிக் கையாண்டனர் என்பதும், பொருளின் பிறப்பிடத்தைக் காத்த சான்றுகள் அப்பொருளை ஆக்கிய மக்களை எவ்வாறு நடத்தின என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கதையே சான்றான காலம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கறுவா எந்நாட்டில் விளைகின்றது என்பது அராபியருக்கே தெரியாது என எழுதினார். பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டு செங்குத்தான மலைகளிற் கூடு கட்டுகின்றன. மக்கள் பெரிய இறைச்சித் துண்டங்களை அடிவாரத்தில் இடுகின்றனர். பறவைகள் அவற்றைக் கூட்டுக்குக் கொண்டுசெல்லப் பாரந்தாங்காது கூடு சரிந்து விழுகின்றது. விழுந்த குச்சிகளை மக்கள் பொறுக்கிக்கொள்கின்றனர். இதுவே அவர் கேட்டறிந்த கதை. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான உரோம அறிஞர் பிளினி, இத்தகைய கதைகள் விலையை உயர்த்தும் பொருட்டுப் புனையப்பட்டவை எனச் சாடினார். எனினும் கறுவா எத்தியோப்பியாவில் விளைகின்றது என்றே அவரும் நம்பினார்.

இதிலிருந்து பெறப்படும் செய்தி முக்கியமானது. பிறப்பிடத்தை நிறுவுவதில் இன்றைய வணிகன் நலன் காண்கின்றான். அன்றைய வணிகனோ அதனை மறைப்பதிலேயே நலன் கண்டான். விளைநிலத்தை அறியாத வாங்குநன் இடைத்தரகரைக் கடந்து செல்லல் இயலாது. கிரேக்கரும் உரோமரும் அறிந்த கறுவா இன்று ஈழத்தில் விளையும் கறுவாவே எனத் துணிதல் கடினம். ஈழத்தைத் தப்ரொபேன் என்ற பெயரால் விரிவாக வருணித்த பிளினி, அதன் வளங்களுள் கறுவாவைக் குறிப்பிட்டாரல்லர். கதையைச் சான்றாகக் கொண்ட காலத்தின் குறைபாடு இன்றும் ஆய்வாளரைத் தொடர்கின்றது என்பதற்கு இதுவே உதாரணமாகும்.

1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையை அடைந்த இபுன் பதூதாவின் குறிப்போடு காட்சி மாறுகின்றது. அக்கரை அப்போது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. காட்டாறுகள் அடித்துவந்த கறுவா மரத்துண்டுகள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், மாபாரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தோர் விலையின்றி அவற்றை எடுத்துச்சென்றதையும், அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணிகள் முதலியவற்றைக் கையுறையாக அளித்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். பறவையும் கூடும் மறைந்து, மன்னனும் துறைமுகமும் பண்டமாற்றும் இப்பதிவிலே தோன்றுகின்றன.

நாக்கே கருவியான காலம்

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்தபின் கறுவா கோட்டை மன்னரிடமிருந்து பெறும் திறைப்பொருளாயிற்று. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கறுவாவைத் தம் கம்பனியின் தனியுரிமையாக்கினர். அனுமதியின்றிக் கறுவா உரிப்போருக்கும் விற்போருக்கும் மரணதண்டனை வரையிலான கடுந்தண்டனைகளை அவர்களது கட்டளைகள் விதித்தன. 1663இல் அவர்கள் கொச்சியைக் கைப்பற்றியதற்கு, மலையாளக் கரையிற் கிடைத்த தரங்குறைந்த காட்டுக் கறுவா ஈழத்துக் கறுவாவோடு போட்டியிடுவதைத் தடுக்கும் எண்ணமும் ஒரு காரணமாகும். 1769இல் ஆளுநர் ஃபல்க் காலத்தில் கொழும்பு மருதானையிற் கறுவாத் தோட்டம் அமைக்கப்படும்வரை, காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்தே பட்டை பெறப்பட்டது. ஆதலால் நல்ல பட்டையோடு தரமற்றது கலத்தல் எளிதாயிற்று.

இக்கலப்பைக் கண்டறியக் கம்பனியிடம் இருந்த கருவி மனித நாக்கு ஒன்றே. கப்பலேற்றுவதற்கு முன்னர்க் கம்பனியின் மருத்துவர்கள் ஒவ்வொரு கட்டிலிருந்தும் குச்சிகளை உருவி மென்று சுவைத்துத் தரம் பிரித்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் இவ்வழக்கம் நீடித்தது. 1803இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கில இராணுவ அதிகாரி இறொபேட் பேர்சிவல் இதனை வருணித்துள்ளார். தொடர்ந்து மெல்வதனால் நாக்கும் வாயும் புண்பட, மருத்துவர்கள் இடையிடையே வெண்ணெய் பூசிய பாண் துண்டை உண்டு வேதனையைத் தணித்துக்கொண்டனர் என்பது அவர் தரும் செய்தி. பன்னாட்டு வணிகமொன்றின் நம்பகத்தன்மை ஒருசில மனிதரின் புண்பட்ட நாவில் தங்கியிருந்த காலம் அது.

சுவைத்தவரின் துன்பம் நூலில் இடம்பெற்றது. உரித்தவரின் துன்பம் பெரும்பாலும் ஆட்சியாளரின் பதிவேடுகளிலேயே தேடப்படவேண்டியதாகும். கறுவா உரித்தல் சலாகம சாதியினரின் கட்டாய ஊழியமாக இருந்தது. இவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் என மரபுச் செய்திகள் கூறுகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களது பெயர்கள் ஊழியப் பட்டியல்களிற் பதியப்பட்டு, ஒவ்வொருவரும் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய பட்டையின் அளவு விதிக்கப்பட்டது. இச்சுமையைத் தாங்காது கண்டி இராச்சியத்துக்குத் தப்பியோடியோரும் உளர். இக்கட்டாய ஊழியமும் அரசின் கறுவாத் தனியுரிமையும் 1833ஆம் ஆண்டளவிலேயே முடிவுக்கு வந்தன.

இவ்விடத்திற் கறுவாவின் தோற்றத்தைச் சிறிது கூர்ந்து நோக்குதல் தகும். சீனக் கறுவாவின் பட்டை தடித்தது. ஒற்றைச் சுருளாகவோ இரு பக்கமும் உட்சுருண்டோ காணப்படும். ஈழத்துக் கறுவாவோ மெல்லிய பல படைகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்ட நீண்ட குழலாகும். வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்துப் பட்டையை இளகச்செய்து, கத்தியாற் கீறிக் கழற்றி, சிறு துண்டுகளை உள்ளே நிரப்பி, 42 அங்குல நீளமுள்ள குழலாக இணைப்பது உரிப்போரின் கைத்திறன். எனவே, ஈழத்துக் கறுவாவைக் கண்டவுடன் இனங்காண உதவும் அடையாளத்தை மண்ணும் மழையும் மட்டும் ஆக்கவில்லை. அது பெருமளவு கையின் அடையாளமாகும்.

முத்திரையும் சட்டமும்

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் சில ஆண்டுகளில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை இம்மண்ணிற் தோன்றிய செடியன்று. 1824இல் சீனத்திலிருந்து கொணரப்பட்ட கன்று பேராதனைப் பூந்தோட்டத்தில் நடப்பட்டது. பின்னர் அசாமிலிருந்தும் விதைகள் வந்தன. வந்தேறிய செடியொன்று ஒரு தலைமுறைக் காலத்துள் இலங்கையின் பெயரை உலகெங்கும் தாங்கிச் செல்லும் பொருளாயிற்று.

1883இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அங்கும் சுவைஞரின் நாக்கே விலையை நிர்ணயித்தது. ஆயினும் கடல் கடந்து சென்ற தேயிலையைப் பல நாட்டுத் தேயிலைகளோடு கலந்து விற்றபோது, நாவினால் மட்டும் பிறப்பிடத்தைக் காத்தல் இயலாதாயிற்று. பிரித்தானியாவில் 1887இல் இயற்றப்பட்ட வணிகக் குறிகள் சட்டம், பொருளின் பிறப்பிடத்தைப் பொய்யாகக் குறிப்பதைக் குற்றமாக்கியது. 1891இல் மாட்றிட் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை, பொய்யான பிறப்பிடக் குறிப்புகளைப் பன்னாட்டளவில் தடுக்க முயன்றது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலை தோட்டத்திலிருந்து நேரே வாங்குவோரின் கேத்தலுக்கு வருகின்றது என்ற கருத்தைத் தம் விளம்பரத்தின் உயிராக்கினார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவமும் அவ்விளம்பரங்களில் இடம்பெற்றது. பிறப்பிடத்தின் சின்னமாக அவள் உருவம் பயன்பட்டது. அவள் பெயரை எவரும் அறிந்திலர்.

1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. 1972 மே 22ஆம் நாள் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா என மாறியபோதும் தேயிலை ‘சிலோன்’ என்ற பழைய பெயராலேயே தொடர்ந்து விற்கப்பட்டது. நாடு துறந்த பெயரைப் பொருள் துறக்கவில்லை. அப்பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பே அதற்குக் காரணம். 1976இல் இலங்கைத் தேயிலைச் சபை செயற்படத் தொடங்கியது. அச்சபைக்கு உரிய சிங்க இலச்சினையைப் பெறவேண்டுமாயின், பொதியிலுள்ளது முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருத்தல் வேண்டும்; பொதி செய்தலும் இலங்கையிலேயே நிகழ்தல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் புலி சுங்கத்துக்குச் சான்றாயிற்று. கொழும்புத் துறைமுகத்துச் சிங்கமோ பிறப்பிடத்துக்கே சான்றாயிற்று.

அணுவின் சாட்சி

முத்திரையையும் போலியாகச் செய்யலாம். கறுவாவைத் தூளாக்கி விற்கும்போது குழலின் தோற்றமென்னும் சான்றும் அழிந்துபோகின்றது. இந்நிலையிலேதான் இரசாயனவியலின் துணை தேவைப்பட்டது. சீனக் கறுவா முதலிய இனங்களிற் குமாரின் என்னும் சேர்வை கணிசமான அளவிற் காணப்படுகின்றது. ஈழத்துக் கறுவாவில் அது மிகச் சிறிதளவே உண்டு. அதிக அளவிற் தொடர்ந்து உட்கொள்ளப்படின் குமாரின் சிலரது ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதை 2006இல் ஜேர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் எடுத்துரைத்தது. வாங்குவோரின் உடல்நலத்தோடு தொடர்புறவே இனங்காணல் புதிய முக்கியத்துவம் பெற்றது.

ஆயினும் இனத்தை அறிதல் வேறு, இடத்தை அறிதல் வேறு. குமாரினின் அளவும் மரபணுச் சோதனையும் இது எவ்வினக் கறுவா என்று கூறும். எம்மண்ணில் விளைந்தது என்று கூறா. ஈழத்துக் கறுவாவின் இனமே மடகஸ்காரிலும் சீசெல்சிலும் வளர்கின்றது. அதனை வேறுபடுத்தச் சமதானிகளின் உதவி வேண்டும். ஒரே மூலகத்தின் நிறையில் வேறுபட்ட அணுக்களே சமதானிகள் எனப்படுவன. முகில்கள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கும் தாழ்நிலத்திலிருந்து மலைக்கும் செல்லும்போது, நிறைகூடிய ஒட்சிசன், ஐதரசன் சமதானிகள் முதலிற் பொழிந்து குறைகின்றன. ஆகவே அவற்றின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுபடும். அந்நீரை உறிஞ்சிய செடியில் அம்மாறுபாடு தங்கிவிடும். பாறைகளிலுள்ள ருபீடியம்-87 மிக நீண்டகாலத்திற் சிதைந்து ஸ்துரொந்தியம்-87 ஆக மாறுவதால், பாறையின் வயதும் இயல்பும் மண்ணின் வாயிலாகப் பயிரிற் பதிகின்றன. இலங்கையின் பெரும்பகுதி மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளாலானது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கால்நடைத் தீவனத்தையும் இம்முறையால் ஆராயலாம். நெல் முதலிய பல பயிர்களினின்றும் சோளத்தின் ஒளித்தொகுப்பு முறை வேறுபட்டதாதலால், அதில் நிறைகூடிய காபன் சமதானியின் பங்கு கூடுதலாகும்; சோளம் உண்ட விலங்கின் இறைச்சியிலும் அது புலப்படும்.

இவ்வாறு நோக்கின், ஐயத்துக்கு இடமற்ற சான்று கிடைத்துவிட்டது எனத் தோன்றலாம். உண்மை அதுவன்று. ஆய்வுகூடம் தரும் எண் தனித்து நின்று எவ்வூரையும் சுட்டாது. எவ்வூரில் விளைந்தது என முன்னரே உறுதியாக அறியப்பட்ட மாதிரிகளைப் பெருந்தொகையாகத் திரட்டி, அவற்றோடு ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும். ஒத்த மழையும் ஒத்த பாறையும் உள்ள இரு நாடுகள் ஒத்த எண்ணையே தரலாம். உரமும் சுண்ணாம்பும் மண்ணின் குறியை மாற்றலாம். எனவே அணுவின் சாட்சியமும் இறுதியில் தோட்டத்திலிருந்து மாதிரியைக் கொண்டுவந்த மனிதனின் நேர்மையிலும் அவன் எழுதிவைத்த பதிவிலுமே தங்கியுள்ளது. பதிவேடு பொய்யாயின் கருவியும் பொய் கூறும்.

பொருளுக்கு ஒரு சான்று, மனிதனுக்கு ஒரு சான்று

இதுவரை கூறியவற்றால், பிறப்பிடச் சான்று என்பது வெறும் தொழினுட்பமன்று, யார் யாரிடம் எத்தகைய சான்றைக் கேட்கும் அதிகாரம் உடையவர் என்ற வினாவும் அதில் அடங்கும் என்பது தெளிவாகும். தேயிலையின் வரலாறு இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டங்களை உருவாக்கியோர் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் சேரவேண்டிய தோட்டத்தின் குறியீடு பொறிக்கப்பட்ட சிறு தகட்டை அணிந்து, அதனைக் காட்டிப் பயணம் செய்தனர். தேயிலைப் பெட்டியில் அது புறப்பட்ட தோட்டத்தின் பெயர் இருந்தது. தொழிலாளியின் உடலில் அவன் போய்ச்சேரவேண்டிய தோட்டத்தின் எண் இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், நியமிக்கப்பட்ட தினத்துக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெறுவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. தோட்டங்களில் வாழ்ந்த முன்னைய தலைமுறையினர் பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்கவில்லை. 1949இன் இந்தியர் பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். சீனத்திலும் அசாமிலுமிருந்து வந்த செடியை இந்நாட்டுக்குரியதாக்க, அது இந்நாட்டு மண்ணில் வளர்ந்தமை போதியதாயிற்று. அச்செடியை நட்டு வளர்த்தவரிடம் பூட்டன் பிறந்த பதிவேடு கேட்கப்பட்டது.

2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய இரு சட்டங்கள் அடுத்தடுத்த இலக்கங்களைப் பெற்றுள்ளன. 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருள் அதுகாறும் நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது. 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருள்களின் புவியியற் குறியீடுகளுக்குப் பாதுகாப்பளித்தது. மனிதரின் பிறப்பிட வினாவும் பொருளின் பிறப்பிட வினாவும் சட்டநூலின் அடுத்தடுத்த பக்கங்களில் விடை பெற்றமை தற்செயலாகலாம். ஆயினும் வரலாற்று மாணவர் அதனைக் கவனியாது செல்லல் ஆகாது. 2022இல் ‘சிலோன் கறுவா’ ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட புவியியற் குறியீடாகப் பதிவு பெற்றது. ஹெரோடோட்டஸ் இருந்த கண்டத்தில், கறுவாவின் ஊர்ப்பெயர் ஈற்றில் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

முடிவுரை

1958ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கை, பொருளொன்றின் பிறப்பிடப் பெயரை வரையறுக்கும்போது அதன் பண்புக்குக் காரணமான புவியியற் சூழலுள் இயற்கைக் காரணிகளோடு மானிடக் காரணிகளையும் சேர்த்துள்ளது. இவ்வரையறையின் முழுப்பொருள் இன்னும் உணரப்படவில்லை. இயற்கைக் காரணிகளை அளக்கக் கருவிகள் பெருகிவிட்டன. மழையின் விகிதத்தையும் பாறையின் வயதையும் ஒரு சிட்டிகைத் தூளிலிருந்து கூறிவிடலாம். அதனை உரித்த கையையும் பறித்த விரலையும் கூறும் சமதானி எதுவுமில்லை. அக்குறையை நிரப்பவேண்டியது வரலாற்றின் பணியாகும். ஊழியப் பட்டியல்களும் தோட்டப் பதிவேடுகளும் பிறப்புப் பதிவுகளும் தேடித் தொகுக்கப்படுமாயின், ‘சிலோன்’ என்ற பெயரைத் தாங்கிய பொருள்களுக்குரிய பிறப்பிடச் சான்று அப்போதே நிறைவுபெறும்.